கேமராவின் வயது பதினைந்து குறிஞ்சி

அம்மன் கோயில் பொங்கலில் சாமி வந்து ஆடியவர், அருள்வாக்குச் சொல்லி முடித்துக் களைத்துச் சாய்ந்ததும், "சாமி மலையேறிருச்சு" என்று சொல்வோம். தட்டில் எரிந்த சூடம் அடங்கினாலும் அதே சொல்தான். அணைந்துவிட்டது என்று சொல்ல நம் பெரியவர்களுக்கு வாய் வராது. சாமி இறங்கி வருவதும் திரும்பிப் போவதும் மலைக்குத்தான் என்று எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் யாரோ முடிவு செய்துவிட்டார்கள். நாம் இன்றுவரை அதை மாற்றவில்லை.

போடி, கொட்டகுடி, குரங்கணிக்காரர்களுக்கு அந்த மலை எங்கேயோ இருப்பதல்ல. காலையில் வாசல் தெளிக்க வந்தால் கண்ணுக்கு எதிரே நிற்பது. ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு மலையேறும் ஆட்கள் அடிவாரத்தில் ஒரு கட்டிச் சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் முதல் அடி வைப்பார்கள்.

இப்போது அதே மலை நம் எல்லோர் செல்போனிலும் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் வந்தால் முதலில் மலையைப் படம் எடுக்கிறார்கள், பிறகுதான் "என்ன தாத்தா, சௌக்கியமா?" என்கிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மலையைக் கும்பிட்ட கையிலே கேமரா எப்போது வந்தது, வந்தபிறகு அந்தக் கும்பிடு என்ன ஆயிற்று என்பதைக் கொஞ்சம் வரலாற்றோடு யோசித்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பூவின் பெயரில் ஒரு மலை

தொல்காப்பியர் நிலத்தைப் பற்றிச் சொல்லும்போது முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்றாகப் பிரிக்கிறார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் விளைவதும் வாழ்வதும் கருப்பொருள். மனித மனத்தின் உணர்ச்சிகள் உரிப்பொருள். பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் கருப்பொருள் பட்டியலை இந்த வயதில் மறுபடி பார்த்தால் ஒரு விஷயம் புதிதாகத் தெரிகிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று ஒரே வரிசையில் வருகின்றன. தெய்வம் நிலத்துக்கு வெளியே தனியாக உட்கார்ந்திருக்கவில்லை. குறிஞ்சி நிலத்திலே முருகன், யானை, வேங்கை மரம், மயில், தினை எல்லாம் ஒரே வீட்டு ஆட்கள். அந்த நிலத்துக்குப் பெயரே ஒரு பூவின் பெயர்.

இது பழங்காலத்தோடு முடிந்த கதையும் இல்லை. இலங்கைப் பெருந்தலைவர் சர் பொன்னம்பலம் ராமநாதனின் மனைவி லீலாவதி அம்மையார் மேல்நாட்டில் பிறந்து இந்து சமயத்தைத் தழுவியவர். அவர் 1936இல் கொடைக்கானலில் முருகனுக்குக் கட்டிய கோயிலின் பெயர் குறிஞ்சி ஆண்டவர் கோயில். ஒரு செடியின் பெயரை ஆண்டவனுக்கு வைத்து, நாமும் ஏன் என்று கேட்காமல் போய்க் கும்பிட்டு வருகிறோம்.

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். பூத்து, விதை போட்டு, செடி செத்துவிடும். அடுத்த பூ அந்த விதையின் பிள்ளைகளுடையது. மலைவாழ் மக்கள் தங்கள் வயதையே குறிஞ்சிக் கணக்கில் சொன்னார்கள் என்பார்கள். எழுத்திலே கிடைக்கும் பூப்புக் கணக்கு 1838இல் தொடங்குகிறது. அதற்கு அடுத்த ஆண்டு, 1839 ஆகஸ்டில், பாரிஸ் நகரத்தில் டாகர் என்பவரின் படம் பிடிக்கும் முறையை உலகத்துக்கு அறிவித்தார்கள். புகைப்படக் கலையின் பிறந்தநாள் என்று அதைத்தான் கொண்டாடுகிறார்கள். அப்படியானால் கேமரா பிறந்த பின் நம் மலையில் குறிஞ்சி பூத்தது 1850 தொடங்கி 2018 வரை பதினைந்து தடவை. மலைக்காரர் கணக்குப்படி கேமராவுக்கு வயது பதினைந்து குறிஞ்சி. மலையின் வயதுக்கு முன்னால் அது நேற்றுப் பிறந்த குழந்தை.

ஆளில்லாத படங்கள்

நம் பக்கத்துக்குக் கேமராவைப் பெரிய அளவில் கொண்டு வந்தவர் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி. 1856இல் சென்னையில் புகைப்படச் சங்கம் தொடங்கினார்கள். அந்தச் சமயத்தில்தான் டிரைப் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக அமர்ந்தார். 1858 தொடக்கத்தில் மதுரையில் தங்கி மீனாட்சி கோயில், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம், வைகை ஆறு என்று எடுத்தார். யானைமலையையும் எடுத்திருக்கிறார்.

அவர் எடுத்தது மெழுகு தடவிய காகித நெகட்டிவில். வெளிச்சம் அதில் பதிய நெடுநேரம் ஆகும். அதற்குள் நடப்பவர்கள் நடந்து போய்விடுவார்கள், அசைவதெல்லாம் மங்கிப்போகும். அதனால் அவர் படங்களில் கல் துல்லியமாக இருக்கும். கும்பிட வந்த கூட்டம் இருக்காது. வானமும் வெறும் வெள்ளையாக விழுந்துவிடும் என்பதால் நெகட்டிவிலேயே கையால் மேகம் வரைந்து சேர்த்திருக்கிறார். அரசாங்கம் கேட்டது பழங்கட்டடங்களின் பதிவைத்தான். அந்த மனிதரோ தன்னையறியாமல் மேகம் வரைந்துகொண்டிருந்தார். செலவு அதிகம் என்று சொல்லி இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த வேலையையே அரசாங்கம் நிறுத்திவிட்டது.

அதே யானைமலைக்கு 2010இல் ஒரு சோதனை வந்தது. மலையில் சிற்ப நகரம் அமைக்கலாம் என்று ஒரு திட்டம் எழுந்தது. அடிவாரத்து நரசிங்கம் கிராமத்து மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். அந்த மலையில் 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து நரசிங்கப் பெருமாள் குடைவரை இருக்கிறது. சமணர் படுக்கைகளும் தமிழி எழுத்தும் இருக்கின்றன. திட்டம் கைவிடப்பட்டது. அந்த எழுச்சியின் தொடர்ச்சியாகத்தான் மதுரையில் 'பசுமை நடை' என்ற அமைப்பு மலைகளுக்கு மக்களை அழைத்துப் போகத் தொடங்கியது. டிரைப்பின் படம் லண்டன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. மலையைப் பத்திரமாக வைத்தது அடிவாரத்தில் கும்பிட்டவர்கள்.

படத்தால் மலை காப்பாற்றப்பட்ட கதையும் உண்டு. அதையும் சொல்வதுதான் நியாயம். அமெரிக்காவில் யோசெமிட்டி என்ற பள்ளத்தாக்கை கார்ல்டன் வாட்கின்ஸ் 1861இல் பெரிய பெரிய கண்ணாடித் தகடுகளில் படம் எடுத்தார். அந்தப் படங்கள் தலைநகர்வரை போய்ப் பேச்சாயின. 1864இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, ஆபிரகாம் லிங்கன் அந்தப் பள்ளத்தாக்கைப் பொதுமக்களுக்கென்று பாதுகாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். உலகத்து தேசியப் பூங்காக்களுக்கெல்லாம் அதுதான் முன்னோடி. ஆனால் அந்தப் படங்களிலும் மனிதர் இல்லை. அங்கேயே வாழ்ந்த ஆவானீச்சி பழங்குடி மக்களைப் படை அனுப்பி 1851இலேயே விரட்டியிருந்தார்கள். ஆளில்லாத இயற்கை என்று உலகம் வியந்து பார்த்த இடம், உண்மையில் ஆளை வெளியேற்றிய இடம்.

நம் குரங்கணி மலையும் ஆளில்லாத மலை இல்லை. முதுவாக்குடி இருக்கிறது. மதுரையை விட்டு வரும்போது மீனாட்சியை முதுகில் சுமந்து மலையேறியவர்கள், அதனால்தான் முதுவர் என்று பெயர் வந்தது என்பது அவர்களுடைய மரபுக் கதை. சாமி மலையேறியது என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். அவர்கள் சாமியைச் சுமந்து மலையேறியதாகவே சொல்கிறார்கள்.

நீலகிரியிலும் இப்படித்தான். 1870களில் ஊட்டியில் சொந்த ஸ்டூடியோ வைத்த பென் என்ற வெள்ளைக்காரரும் அவருக்கு முன்பின் வந்தவர்களும் தோடர்களை நிறையப் படம் எடுத்தார்கள். தோடர்களின் பால்மனைதான் அவர்களுக்குக் கோயில். பூசாரி தவிர வேறு யாரும் உள்ளே போக முடியாது. ஆகவே அந்தப் பழைய படங்களில் பால்மனையின் வெளிப்பக்கம்தான் இருக்கும். உள்ளே இருப்பதைக் கேமரா பார்க்கவில்லை. நம் கோயில்களிலும் மூலவரைப் படம் எடுக்க விடுவதில்லை. உற்சவர் வீதிக்கு வருவார், எடுத்துக்கொள்ளலாம். மூலவரை நேரில் போய்த்தான் பார்க்கவேண்டும். 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதித்தபோது இளையவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். அது புதுச் சட்டமில்லை, பழைய மரியாதையைத் தாளில் எழுதியதுதான் என்று எனக்குப் பட்டது.

விஞ்ச்சும் திரைச்சீலையும்

நம் மலையைப் பற்றிய பழைய படங்கள் பெரும்பாலும் தேயிலைக் கம்பெனிக் காலத்தவை. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் வண்டி விட்டார்கள். 1908இல் அது சின்ன ரயிலாகியது. டாப் ஸ்டேஷனில் ஏற்றிய தேயிலைப் பெட்டி, விஞ்ச்சுக் கம்பியில் தொங்கிக்கொண்டு சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாகக் குரங்கணிக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு வரும். 1924 பெருவெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போனது. கேரளத்தில் அதைத் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்று இன்றும் சொல்கிறார்கள். மூணாறு தேயிலை அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்துப் படங்களைப் பார்க்கலாம். அவற்றில் மலை ஒரு வேலைத்தளம். எவ்வளவு சரிவு, எத்தனை மைல், எத்தனை பெட்டி என்ற கணக்கு படத்தில் தெரியும். அடிவாரத்தில் கொளுத்திய சூடம் தெரியாது.

நம் ஆட்கள் எடுத்துக்கொண்ட படங்கள் இன்னொரு வேடிக்கை. எங்கள் காலத்தில் கல்யாணம் முடிந்த ஜோடி ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுக்கும். பின்னால் ஒரு திரைச்சீலை தொங்கும். அதில் பனிமலை, நீல ஏரி, அன்னப்பறவை எல்லாம் வரைந்திருக்கும். வெளியே கதவைத் திறந்தால் மேற்கே அசல் மலை ஆகாசம் முட்ட நிற்கிறது. உள்ளே யாரோ ஒரு ஓவியர் கண்டிராத மலையை வரைந்து தொங்கவிட்டிருக்கிறார். நாங்களும் அதன் முன்னால் விறைத்து நின்று எடுத்துக்கொண்டோம். இதை நினைத்து நான் பலமுறை சிரித்திருக்கிறேன். பிறகு யோசித்தால், சாமிக்கு முதுகு காட்டி நிற்கக்கூடாது என்ற பழக்கமும் உள்ளே எங்கோ இருந்திருக்குமோ என்று தோன்றுகிறது. அசல் மலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. இன்று செல்ஃபி எடுக்க முதலில் செய்யவேண்டிய காரியமே மலைக்கு முதுகைக் காட்டுவதுதான்.

ஆக்ஃபா கிளிக் கேமரா வந்தபோது ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம்தான். ஒவ்வொன்றுக்கும் யோசிக்கவேண்டும். வெயில் எந்தப் பக்கம், யார் நிற்கலாம், இந்தக் காட்சிக்கு ஒன்றைச் செலவழிக்கலாமா என்று. குறிஞ்சிக்குப் பன்னிரண்டு வருடம், எங்களுக்குப் பன்னிரண்டு படம்.

காத்திருக்கத் தெரிந்த ஒருவர்

புகைப்படத்தையே ஒரு வழிபாட்டுக்குச் சமமான பொறுமையோடு செய்த தமிழர் ஒருவர் இருந்தார். மா. கிருஷ்ணன். 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். பல்லாரிக்குப் பக்கத்துச் சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியராகவும் நீதிபதியாகவும் அரசரின் செயலராகவும் இருந்தார். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபின் சென்னைக்கு வந்து, வேறு வேலைக்குப் போகாமல் எழுத்தும் காடுமாக வாழ்ந்தார். 1950இல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் தொடங்கிய இயற்கைப் பத்தியை 46 வருடம் விடாமல் எழுதினார். 1970இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1996 பிப்ரவரி 18இல் காலமானார். தமிழிலும் எழுதியவர்; 'கதிரேசச் செட்டியாரின் காதல்' என்று ஒரு துப்பறியும் நாவல்கூட எழுதியிருக்கிறார்.

கிருஷ்ணன் எடுத்தது கறுப்பு வெள்ளைப் படங்கள். வண்ணம் வந்து வெகுகாலம் ஆனபிறகும் அவர் மாறவில்லை. வெவ்வேறு கேமராக்களின் பாகங்களை ஒன்றுசேர்த்துத் தானே ஒரு கேமரா செய்துகொண்டு, அதற்குக் கேலியாக 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். முதுமலை, பெரியாறு போன்ற காடுகளில் நடந்தும் யானை மேல் ஏறியும் போய், யானைகளையும் காட்டெருமைகளையும் மணிக்கணக்காகப் பார்த்தார். அவர் தேடியது ஒரு மிருகத்தின் அழகான முகத்தை மட்டுமில்லை. அது எங்கே நிற்கிறது, எதைத் தின்கிறது, கூட்டத்தில் யாரோடு சேர்ந்திருக்கிறது என்பதையும் பார்த்தார். முதல், கரு, உரி என்று தொல்காப்பியர் பிரித்ததைக் கேமராவால் மறுபடி கோர்த்தவர் என்று அவரைச் சொல்லலாம். பழந்தமிழ் இலக்கியத்தில் நல்ல பயிற்சி உள்ளவர். இது தற்செயலாக இருக்காது.

ஒரு நாட்டின் அடையாளம் அதன் செடிகொடிகளிலும் விலங்குகளிலும் மண்ணிலும் இருக்கிறது என்பது கிருஷ்ணன் வாழ்நாள் முழுவதும் வாதாடிய கருத்து. அழகுக்காக வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து நடுவதை அவர் விரும்பவில்லை. பக்தி என்ற சொல்லை அவர் மேல் ஏற்ற நான் விரும்பவில்லை. ஆனால் ஒன்றின் முன்னால் தன்னைச் சின்னதாக்கிக்கொண்டு, அது தன்னைக் காட்டும்வரை அசையாமல் இருப்பதற்கு நம் ஊரில் வேறு என்ன பெயர்? தரிசனத்துக்கு நிற்கிறவனும் அதைத்தான் செய்கிறான். டிரைப் காத்திருந்தது அவருடைய காகிதம் மெதுவாக இருந்ததால். நாங்கள் யோசித்து எடுத்தது சுருளுக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்ததால். கிருஷ்ணனோ யாரும் கட்டாயப்படுத்தாமல் காத்திருந்தார். எனக்கு அவர் படங்களைவிட இந்தக் குணம்தான் பெரிதாகத் தெரிகிறது.

தீயும் பூவும் வந்த வருடம்

2010இல் 'மைனா' படம் வந்தது. குரங்கணியின் பச்சையைத் தமிழ்நாடு முழுவதும் திரையில் பார்த்தது. அதற்குப்பின் வெளியூர் ஆட்கள் வரத்து கூடியது. கடைகளுக்கு வியாபாரம், ஜீப்புகளுக்கு ஓட்டம். ஊருக்கு நல்லதுதான்.

2018 மார்ச் 11. அந்த நாளைப் பற்றி நம் வட்டாரத்தில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. காய்ந்த புல்லில் பிடித்த தீ, மலையேற்றத்துக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைச் சூழ்ந்தது. 23 உயிர்கள் போயின. பெரும்பாலும் இளம்வயதுக்காரர்கள். முதலில் ஓடியவர்கள் நம் மலை ஜனங்கள்; கையில் கிடைத்ததைக் கொண்டு தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். சில நாட்களுக்குப் பத்திரிகைகளில், மலையின் முன்னால் சிரித்துக்கொண்டு அந்தப் பிள்ளைகள் எடுத்துக்கொண்ட படங்கள் வந்தன. அவர்கள் மலையை அவமதிக்க வந்தவர்கள் இல்லை. மலையைப் பிடித்துப்போய் வந்தவர்கள். மலைக்கு ஒரு பருவம் உண்டு, மாசி பங்குனியில் அந்தப் புல் எப்படி இருக்கும் என்று படத்தில் தெரியாது. பச்சையாக இருந்தபோது எடுத்த படம் வருடம் முழுவதும் பச்சையாகவே இருக்கும்.

அதே வருடம் ஆகஸ்ட் தொட்டுக் குறிஞ்சி பூத்தது. கேரளத்தில் அந்த மாதம் பெருவெள்ளம். மூணாறுப் பாதைகள் அடைபட்டன. மழை ஓய்ந்தபின் சூரியநெல்லி வழியாக ஜீப் ஜீப்பாகக் கொழுக்குமலைக்கு ஆட்கள் வந்தார்கள். மார்ச்சில் கருகிய சரிவுகளுக்கு மேலே நீலம் விரிந்து கிடந்தது. பூவைக் கண்டு கைகூப்பியவர்களும் இருந்தார்கள். செடிகளுக்கு நடுவில் மிதித்து இறங்கிப் படம் எடுத்தவர்களும், ஒரு கொத்தை ஒடித்துக் கையில் பிடித்துக்கொண்டு எடுத்தவர்களும் இருந்தார்கள். பன்னிரண்டு வருடம் காத்திருந்து, விதை போட்டுச் சாகப்போகும் செடி அது. ஒடித்த கொத்து விதையாகாது.

அடுத்த பூ 2030இல். நம்மில் பலருக்கு இதற்குமுன் 1958, 1970, 1982, 1994, 2006, 2018 என்று ஐந்தாறு குறிஞ்சி கழிந்துவிட்டது. 2030ஐ எத்தனை பேர் பார்ப்போம் என்பது மேலே இருப்பவன் கணக்கு. ஆனால் அந்த மலையில் அன்று கேமராவோடு நிற்கப்போவது நம் பேரப்பிள்ளைகள். இனிமேல் அவர்களுக்கு ஒரு படத்துக்காகக் காத்திருக்கவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. காகிதமும் இல்லை, சுருளும் இல்லை. ஆகவே அந்தப் பொறுமையை யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு. அது நம் வேலை.

நான் இரண்டு காரியம் செய்யலாம் என்று நினைக்கிறேன். நீங்களும் செய்யலாம். ஒன்று, வீட்டுப் பீரோவில், டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய படங்களை எடுங்கள். விஞ்ச்சு, கொட்டகுடி ஆறு, தோட்டத்து லயம், எந்தக் குறிஞ்சியானாலும் சரி. பூஞ்சை பிடிப்பதற்கு முன்னால், எந்த வருடம், எந்த இடம், யார் யார் நிற்கிறார்கள் என்று பின்பக்கம் பென்சிலால் மெதுவாக எழுதிவையுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறும். பெயர் எழுதாத படம் இன்னும் இருபது வருடத்தில் டிரைப்பின் படம்போல ஆளில்லாத படமாகிவிடும்.

இரண்டாவது, பேரப்பிள்ளைகளை மலைக்கு அழைத்துப்போகும்போது, போனை எடுப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம் சும்மா நிற்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் காற்று, எங்கே தண்ணீர்ச் சத்தம், புல் பச்சையா காய்ச்சலா என்று கேளுங்கள். முதுவாக்குடிக்காரர் யாராவது வந்தால் வணக்கம் சொல்லி, மேலே போகலாமா என்று கேட்கச் சொல்லுங்கள். பிறகு எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கட்டும்.